மியூனிக் வந்த புதுசுல ஒருநாள் ட்ரிப்லயும் நட்புலயும் பண்ணக்கூடாத தப்புகள்

மியூனிக்குக்கு வேலைக்கோ மாஸ்டர்ஸ் படிக்கவோ வர்ற நம்ம ஆளுங்க முதல் வருஷத்துல பண்ற பெரிய தப்பு என்னன்னா, லாங் வீக்கெண்ட் வரட்டும் பாரிஸ் போலாம், ஸ்விஸ் போலாம்னு காத்துக்கிட்டு இருந்துட்டு மத்த சனி ஞாயிறு எல்லாம் ரூம்லயே கெடக்குறது. சனிக்கிழமை துணி, சமையல், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வீடியோ கால், அதோட வாரம் ஓடிருது. வெயில் காலத்துல இது பெருசா தெரியாது, நவம்பர் கடைசில சாயங்காலம் நாலரைக்கே இருட்டுனதும்தான் மனசு ரொம்ப சோர்ந்து போகும். ட்ரெயின்ல ஒரு மணி நேரத்துல ஏரியும் மலையும் இருக்குற ஊரு இது, தயவுசெஞ்சு வீணாக்காதீங்க.

அடுத்தது டிக்கெட். டாய்ச்லாண்ட் டிக்கெட்ங்கறது மாசாந்திர பாஸ், 2023 மே மாசம் 49 யூரோக்கு வந்துச்சு, 2025ல 58 ஆச்சு, 2026ல 63. நாடு முழுக்க ரீஜினல் ட்ரெயின், எஸ்-பான்ங்கற புறநகர் ட்ரெயின், பஸ் எல்லாத்துலயும் போலாம், ஆனா ஐசிஇ, ஐசி மாதிரி தூரத்து வேக ட்ரெயின்ல செல்லாது, தெரியாம ஏறிட்டேன்னு சொன்னா யாரும் விட மாட்டாங்க. அது சப்ஸ்க்ரிப்ஷன், நிறுத்தணும்னா அந்த மாசம் 10ம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணணும். அது இல்லாதவங்க அஞ்சு பேர் வரைக்கும் சேர்ந்து பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் டிக்கெட்டான பேயர்ன் டிக்கெட் ஒண்ணுலயே போலாம், வார நாள்னா காலைல 9 மணிக்கு மேலதான் செல்லும். ரெண்டுமே ரீஜினல் ட்ரெயின்ல சால்ஸ்பர்க் வரைக்கும் செல்லும்ங்கறது நெறைய பேருக்குத் தெரியறதில்ல. அங்க போறப்ப பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் கைல வச்சுக்கங்க, அது ஆஸ்திரியா, திரும்பி வர்றப்ப பார்டர்ல போலீஸ் ஏறி செக் பண்றதுண்டு.

டேகர்ன்சே ஏரிக்குப் போறவங்க இன்னொண்ணு கவனிக்கணும். மியூனிக்ல ஒரே ட்ரெயினா கெளம்புறது ஹோல்ஸ்கிர்ஷன்ல பிரிஞ்சு ஒரு பாகம் பைரிஷ்செல் போகும், மிச்சம் ஷாஃப்ட்லாக்ல மறுபடி பிரிஞ்சு ஒண்ணு டேகர்ன்சேக்கும் ஒண்ணு லெங்க்ரீஸுக்கும் போகும். சீட் கெடச்ச பெட்டில ஏறி தூங்கிட்டா வேற மலைலதான் முழிப்பீங்க, அதனால ஏறுறதுக்கு முன்னாடி பெட்டி மேல இருக்குற போர்டப் பாருங்க. ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும், தண்ணி, சாப்பாடு எல்லாம் சனிக்கிழமையே வாங்கிருங்க.

இதெல்லாம் ரெண்டு தடவ போனா தானா பழகிரும். நட்பு விஷயம் அப்படி இல்ல.

வாட்ஸ்அப் க்ரூப்ல பதினஞ்சு பேர் சேர்ந்து போறது ஜாலிதான், ஆனா அதுல ஏற்கனவே தெரிஞ்சவங்க தெரிஞ்சவங்க கூடவே பேசிட்டு வருவாங்க, புதுசா வந்தவர் ஓரமா நடந்து வந்து ஃபோட்டோ மட்டும் எடுத்துட்டுப் போவார். மூணு நாலு பேரா போங்க, அதே ஆளுங்களோட திரும்பத் திரும்பப் போங்க. எஸ்8ங்கற எஸ்-பான் புடிச்சு ஹெர்ஷிங்ல எறங்கி ஆண்டெக்ஸ் மடாலயத்துக்குக் காட்டு வழியா நடந்தா சுமார் ஒரு மணி நேரம், அந்த ஒரு மணி நேரத்துல பேசுற பேச்சு ஆஃபீஸ்ல ஒரு வருஷம் காபி குடிச்சாலும் வராது.

ஜெர்மன்காரங்க சிரிக்க மாட்டாங்க, பழக மாட்டாங்கன்னு முடிவு பண்ணி ஒதுங்குறது இன்னொரு பெரிய தப்பு. நாம "ஒருநாள் எங்கயாச்சும் போலாம்"னு சொல்வோம், அவங்களும் சரிம்பாங்க, அதோட முடிஞ்சிரும். அவங்ககிட்ட தேதி, நேரம், எடம் மூணையும் ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லிக் கேக்கணும். அந்த சனிக்கிழமை முடியாதுன்னு சொன்னா நெஜமாவே முடியாதுன்னுதான் அர்த்தம், மூஞ்சிய தூக்கி வச்சுக்காம அடுத்த வாரம் கேளுங்க. வரேன்னு சொல்லிட்டா கரெக்ட் டைம்க்கு வந்து நிப்பாங்க, நாம பத்து நிமிஷம் லேட்டா போனா ட்ரெயினும் போயிரும் மரியாதையும் போயிரும். பிறந்தநாளுக்கு முந்துன நாளே வாழ்த்து சொல்லாதீங்க, இங்க அது அபசகுனம். உங்க பிறந்தநாளுக்கு ஆஃபீஸ்ல யாராச்சும் கேக் வாங்குவாங்கன்னும் எதிர்பாக்காதீங்க, நீங்கதான் கொண்டு போகணும்.

குடிக்கிற பழக்கம் இல்ல, அதனால பியர்கார்டனுக்கு, அதாவது மரத்தடில பெஞ்ச் போட்டிருக்குற திறந்தவெளி பியர் கடைக்கு வரலன்னு சொல்றவங்களுக்காக ரொம்ப வருத்தப்படுவேன். ஆப்பிள் ஜூஸ்ல சோடா கலந்த ஷோர்லே வாங்கிட்டு உக்காந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பவேரியால பழைய முறைல நடக்குற பியர்கார்டன்ல வீட்டு சாப்பாடு கொண்டுபோய் சாப்பிடலாம், 1999ல வந்த பியர்கார்டன் விதிமுறைலயே அது இருக்கு, குடிக்கிறத மட்டும் அங்க வாங்கணும். துணி விரிச்ச மேஜைல மட்டும் டப்பாவத் திறக்காதீங்க, அது ஆர்டர் பண்ணி சாப்பிடுறவங்களுக்கு. மத்தபடி நீளமான பெஞ்ச், தெரியாதவங்களே பக்கத்துல வந்து எடம் இருக்கான்னு கேட்டு உக்காருவாங்க. புளியோதரையும் உருளைக்கெழங்கு வறுவலும் கட்டிட்டுப் போங்க, பக்கத்துல இருக்குறவங்க அதென்னன்னு கேக்க ஆரம்பிச்சா பேச்சு தானா ஓடும்.

மொழி நல்லா வந்தப்புறம் க்ளப்ல சேரலாம்னு தள்ளிப்போடாதீங்க, க்ளப்ல சேந்தாதான் மொழி வரும். ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேன்னு பெரியவங்களுக்கான பொதுப் பயிற்சி மையம் இருக்கு, அதுல மண்பாண்டம், டான்ஸ், சமையல்னு கிளாஸ் இருக்கு. மலை புடிக்கும்னா ஜெர்மன் ஆல்பைன் க்ளப் இருக்கு, 1869ல இதே மியூனிக்ல ஆரம்பிச்சது, வருஷ சந்தா கட்டுனா கூட்டமா மலையேறக் கூட்டிட்டுப் போவாங்க.

அதுக்காக நம்ம ஆளுங்களே வேணாம்னு ஒதுங்கிறாதீங்க. காய்ச்சல்ல படுத்தா ரசம் வச்சு எடுத்துட்டு வர ஒருத்தராச்சும் இந்த ஊர்ல வேணும்.

ட்ரிப் நல்லா இருந்துச்சுன்னு சொல்லி வீட்டுக்குப் போயி, "அடுத்து எப்போ"ன்னு யாரும் கேக்காம மூணு மாசம் போறதுதான் நெறைய நட்ப முளைக்கும்போதே கொன்னுரும். திரும்பி வர்ற ட்ரெயின்ல, எல்லாரும் களைச்சுப்போய் எதிரெதிர் சீட்ல உக்காந்திருக்கப்பவே ஃபோன எடுத்து அடுத்த தேதியப் போட்டுருங்க.