ஈயக்குண்டின் அடிவிளிம்பு மழுங்குவது ஏன்? வார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதில் ஈடுபாடுள்ள பலர், தம் துப்பாக்கிகளுக்கு வேண்டிய ஈயக்குண்டுகளை வீட்டுக் கொட்டகையிலேயே உருக்கி வார்த்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இங்கே சொல்பவை, சட்டம் இதற்கு இடம் தரும் நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியவை.

புதிதாக வார்ப்பவர்களை மிகவும் வருத்துவது குண்டின் அடிப்பாகம்தான். மூக்கு அழகாக வந்திருக்கும், பக்கங்களில் பள்ளங்கள் கூர்மையாக விழுந்திருக்கும். ஆனால் விளக்கடியில் திருப்பிப் பார்த்தால், அடிவிளிம்பில் ஒரு கால்பங்கு மட்டும் கரைந்த சோப்புக்கட்டியின் ஓரம்போல மழுங்கிப் பளபளக்கும். இதைச் சிறு குறை என்று ஒதுக்கிவிட முடியாது. குழலைவிட்டு வெளியேறும்போது குழல்வாயைக் கடைசியாகத் தொடுவது குண்டின் அடிதான். அதன் விளிம்பு ஒருபுறம் குறைந்திருந்தால் பின்னின்று தள்ளும் வாயு அந்தப் பக்கமாக முந்திக் கசிந்து, குண்டைச் சற்றே சாய்த்துவிடுகிறது. மூக்கில் உள்ள சேதத்தைவிட அடியில் உள்ள சேதமே குறியை அதிகம் கெடுக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க்ளின் மேன் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, 1909-இல் வெளியிட்ட நூலில் காட்டியிருக்கிறார்.

மழுங்கிய அடியைக் கண்டதும் பெரும்பாலோர் உலையின் சூட்டை ஏற்றுகிறார்கள். முதல் தவறே இதுதான். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த கலவைக்கு 370 முதல் 400 டிகிரி வரை இருந்தால் வழக்கமான குண்டுகளுக்குப் போதுமானது. அதற்கு மேல் ஏற்ற ஏற்ற, உலோகத்தின் மேற்பரப்பு வேகமாக ஆக்சைடாகிறதே தவிர அடி நிரம்புவதில்லை. பெரும்பாலான அச்சுகளில் குண்டு தலைகீழாக நிற்கும். அடிப்பாகம் மேலே, உருகிய ஈயத்தை உள்ளே விடும் துளையுள்ள தகட்டை ஒட்டியிருக்கும். உலோகம் கடைசியாக வந்து சேரும் இடமும், உள்ளிருக்கும் காற்று தப்பிப்போக வேண்டிய இடமும் அதுவே. ஆகவே அந்தத் தகடு குளிர்ந்திருந்தால், உலையில் எவ்வளவு சூடு இருந்தாலும், விளிம்புவரை ஓடுவதற்குள் ஈயம் உறைந்துவிடும்.

அச்சை மட்டும் சூடேற்றித் தகட்டை மறப்பது அடுத்த தவறு. மின்னடுப்பின் மேல் அச்சை வைக்கும்போது தகடும் சேர்ந்து சூடேற வேண்டும். மிச்சிகன் போன்ற மாநிலங்களில் சனவரி மாதத்துக் கொட்டகையில், கதவின் அடியிலிருந்து வரும் குளிர்காற்றே அலுமினிய அச்சை ஆற வைத்துவிடும். அலுமினியம் விரைவில் சூடேறி விரைவில் ஆறும். இரும்பு இரண்டிலும் நிதானம். அதைவிடப் பெரிய எதிரி நம்முடைய ஆர்வம்தான். விழுந்த ஒவ்வொரு குண்டையும் எடுத்துத் திருப்பிப் பார்த்து மகிழ்கிற அரை நிமிடத்தில் அச்சு தன் சூட்டை இழந்துவிடுகிறது. நானும் வெகுநாள் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். குண்டுகளை மடித்த துணியின் மேல் விழவிட்டு, அவற்றைப் பார்க்காமலேயே ஒரே தாளத்தில் ஐம்பது முறை வார்க்கத் தொடங்கிய பிறகுதான் அடிகள் சீரடைந்தன. தாளம் சரியா என்பதைத் தகட்டின் மேல் நிற்கும் ஈயமே சொல்லும்: ஊற்றியதும் கண்ணெதிரே உறைந்தால் அச்சு குளிர்ச்சி, நான்கைந்து நொடிகளில் மங்கி உறைந்தால் சரி, வெகுநேரம் நீர்மமாகவே நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

தகட்டின் மேல் கஞ்சத்தனமாக ஊற்றுவதும் அடியைக் கெடுக்கும். ஈயம் உறையும்போது சுருங்குகிறது; அந்தக் குறையை மேலே தேங்கி நிற்கும் உருகிய ஈயத்திலிருந்துதான் குண்டு இழுத்துக்கொள்ள முடியும். தாராளமான ஒரு தேக்கம் இல்லையென்றால் அடியில் குழி விழும். தேக்கம் முழுதும் உறையுமுன், அதை வெட்டி நீக்கத் தகட்டைத் தட்டித் திருப்பினாலோ, அடி கிழிந்து இழுபடும்.

தகடு சுழலும் திருகை இறுக்கி முடுக்கினால் காற்றுக்கு வழி அடைபடும். அச்சைச் சாய்த்தால் தகடு தன் எடையாலேயே திரும்பும் அளவுக்குத் தளர்வு வேண்டும். ஆனால் இடைவெளி தெரியக்கூடாது, தெரிந்தால் அடியைச் சுற்றி மெல்லிய ஏடு பிதுங்கும். அதே திருகுக்கு எண்ணெய் இடும்போதும் கவனம் தேவை: ஒரு துளி அதிகமானால் சூட்டில் அது ஊர்ந்து அச்சுக்குழிக்குள் இறங்கி, அடிவிளிம்பை மழுக்கும். பஞ்சுநுனியில் ஒற்றிய ஈரமே போதும்.

கலவையைப் பொறுத்தவரை, தூய ஈயம் குழியின் மூலைகளுக்குள் ஓடத் தயங்கும்; நூற்றுக்கு இரண்டு பங்கு வெள்ளீயம், அதாவது 10 கிலோ ஈயத்துக்கு 200 கிராம் சேர்த்தால் தாராளமாக ஓடும். அதற்கு மேல் சேர்ப்பது பெரும்பாலும் வீண்செலவு. மேலே படரும் சாம்பல்நிற ஏட்டை வெறும் கசடு என்று வழித்து எறிபவர்கள் விலை கொடுத்து வாங்கிய வெள்ளீயத்தையே எறிகிறார்கள். சிறிது மெழுகோ மரத்தூளோ போட்டுக் கிளறினால் அதில் பெரும்பகுதி உலோகமாகத் திரும்பும். வாகனச் சக்கரங்களைச் சமன்செய்யப் பொருத்தும் பழைய எடைகளை உருக்குபவர்கள் துத்தநாகத்துக்கு அஞ்ச வேண்டும்: அது கலந்தால் உலோகம் கஞ்சிபோலத் தடித்து எந்த மூலையையும் நிரப்பாது. துத்தநாகம் 419 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், சூட்டை அதற்குக் கீழே வைத்தால் அந்தத் துண்டுகள் மிதக்கும். அவற்றை அள்ளி வெளியே போட்டுவிடலாம்.

கசட்டுத்தூளில்தான் ஈய நஞ்சு அதிகம். காற்றோட்டமும் கண்ணாடியும் கையுறையும் இன்றி உலையருகே போக வேண்டாம், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளைகளைத் தொட வேண்டாம்.

கழித்த குண்டுகளை வார்ப்பின் நடுவில் உலையில் போடுவது பலருக்குப் பழக்கம். குளிர்ந்த குண்டுகள் ஒரு கைப்பிடி விழுந்தாலே கலவையின் சூடு இறங்கி, அடுத்து வரும் பத்துப் பதினைந்து குண்டுகளும் மழுங்கிய அடியோடு வரும். அவற்றில் ஈரம் ஒட்டியிருந்தால் நீராவி வெடித்து உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். அவற்றைத் தனிப் பாத்திரத்தில் சேர்த்துவைத்து, அடுத்த முறை உலையைப் பற்றவைக்குமுன், குளிர்ந்த கலத்திலேயே முதலில் போட்டுவிடுங்கள்.