புண்ணாக்கைக் கூட்டியும் பால் ஏறவில்லையா? லைசின், மெத்தியோனின் கணக்கு

கடலைப் புண்ணாக்கை அள்ளிப் போட்டும் பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) ஏறவே மாட்டேன் என்கிறதா? புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களான லைசின், மெத்தியோனின் இரண்டையும் கவனித்து, எங்கள் கலப்பினக் கறவைகளுக்குக் கைகொடுத்த வழி இது.

படி 1: எடை போடுங்கள். உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு, தானியக் கலவை). 10 லிட்டர் கறந்தால் 5.5 கிலோ. படியால் அளப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒரு படி தவிடும் ஒரு படி மக்காச்சோளமும் ஒரே எடை இருக்காது. தொங்கு தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

படி 2: மாட்டின் முதல் வயிற்றில் (தீவனம் முதலில் போய் நொதிக்கும் பெரிய அறை) வாழும் நுண்ணுயிர்களைக் கவனியுங்கள். அவை பெருகிச் சிறுகுடலுக்குப் போய்ச் செரிக்கும்போது கிடைக்கும் புரதம்தான் பாலுக்கு மிகப் பொருத்தமானது. அவற்றுக்கு உடைத்த மக்காச்சோளம் போன்ற மாவுச்சத்து வேண்டும். அது குறைந்தால் புண்ணாக்கின் புரதம் அம்மோனியாவாகி, கல்லீரலில் யூரியாவாகி, பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும்.

படி 3: புண்ணாக்கைக் கலந்து கொடுங்கள். கடலைப் புண்ணாக்கு முதல் வயிற்றிலேயே வேகமாகச் சிதையும். லைசினும் மெத்தியோனினும் அதில் குறைவு. தேங்காய், பருத்திக்கொட்டைப் புண்ணாக்குகளில் சிதையாமல் தப்பும் பங்கு அதிகம். சோயாவில் லைசின் நன்றாக இருக்கும், மெத்தியோனின் போதாது. வேலிமசால் என்ற பசுந்தீவனம் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 4: மெத்தியோனின். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். கோழித்தீவனத்துக்கு விற்கும் சாதா மெத்தியோனின் தூளை மாட்டுக்குப் போட்டால் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் அதன் பெரும்பகுதியைத் தின்றுவிடும். முதல் வயிற்றில் சிதையாமல் கடந்துபோக மேற்பூச்சு போட்ட ‘பைபாஸ்’ மெத்தியோனின்தான் வேண்டும். அதை அரைக்காதீர்கள், கொதிக்கும் கஞ்சியில் கொட்டாதீர்கள், இரவே ஊறவைக்காதீர்கள். பூச்சு போய்விட்டால் அதுவும் சாதாத் தூள்தான். கறக்கும் நேரத்தில் ஒரு கைப்பிடித் தீவனத்தில் கலந்து முதலில் ஊட்டுங்கள். அளவு, பையில் போட்டிருக்கிறபடி.

லைசினும் மெத்தியோனினும் 3:1 என்ற அளவில் குடலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2001 வழிகாட்டியிலிருந்து வரும் கணக்கு. ஒன்று குறைந்தால் மற்றதைக் கூட்டிப் பயனில்லை. 5 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இந்தச் செலவே வேண்டாம்; முதல் மூன்று படிகள் போதும்.

படி 5: லிட்டரை மட்டும் பார்க்காதீர்கள். பலன் முதலில் பாலின் புரதத்தில் தெரியும். காலைப் பாலைக் காலைப் பாலோடுதான் ஒப்பிட வேண்டும்.

பின்சேர்க்கை: மக்காச்சோளத்தைக் கூட்டியதும் கழிச்சல் என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஒரே நாளில் மாற்றக் கூடாது. 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அசைபோடுவது குறைந்தால் உடனே மக்காச்சோளத்தைக் குறைத்து, வைக்கோலைக் கூட்டி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.