வேலை ஊட்டியில், வீடு எந்த ஊரில்?

நீலகிரியில் வேலை அமைந்து, திருமணமும் முடிந்து, குழந்தை பிறப்பதற்குள் ஓர் ஊரில் நிலையாகத் தங்கிவிட வேண்டும் என்று எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் சித்திரையிலும் வைகாசியிலும்தான் வீடு பார்க்கக் கிளம்புகிறார்கள். அந்த மாதங்களில் மலையில் எந்த வீடும் நல்ல வீடுதான். சுவர் காய்ந்திருக்கும், சாலை திறந்திருக்கும், ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம் தெரியும். வீடு பார்ப்பதற்கு உகந்த காலம் ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். நான்கு நாள் அடைமழைக்குப் பிறகு எந்தச் சாலையை மூடுகிறார்கள், எந்த அறையின் சுவரில் ஈரம் ஏறுகிறது, எந்தத் தெருவில் மின்சாரம் போனால் மறுநாள்தான் வருகிறது என்பதை வீட்டுக்காரரும் சொல்லமாட்டார், தரகரும் சொல்லமாட்டார். நேரில் போய் நின்றால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதலில் ஊர்களின் இருப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியும், சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் குன்னூரும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அந்த வழியிலேயே வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் ஆகியவை அமைந்துள்ளன. கிழக்கே கோத்தகிரி, மேற்கே கூடலூர், மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையம். கணவனுக்கு ஊட்டியிலும் மனைவிக்கு குன்னூரிலும் வேலை என்றால், இருவரில் ஒருவருக்கு மட்டும் வசதியான ஊரைத் தேர்ந்தெடுப்பதைவிட, இடைப்பட்ட அருவங்காட்டையோ கேத்தியையோ முதலில் பார்ப்பது நல்லது. நாங்கள் அப்படித்தான் அருவங்காட்டுக்கு வந்தோம். 1900-களின் தொடக்கத்திலேயே வெடிமருந்துத் தொழிற்சாலை வந்துவிட்ட ஊர் என்பதால், பேருந்து, மளிகை, மருந்துக்கடை, பள்ளி ஆகியவை சுற்றுலாப் பயணிகளை நம்பியிராமல், வேலைக்குப் போய்வருகிற குடும்பங்களை நம்பி வளர்ந்தவை. இந்த வேறுபாடு சிறியதன்று. விடுதிகளை நம்பியிருக்கும் தெருவில் பால் கிடைக்காத நேரத்திலும் சாக்லேட் கிடைக்கும்.

எந்த மழை எந்த ஊரை அடிக்கிறது என்பது அடுத்தபடியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஆனி, ஆடியில் வரும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி என மேற்குச் சரிவுகளில் வெளுத்து வாங்கும். தொட்டபெட்டா மலைத்தொடர் மறைப்பதால் கோத்தகிரிப் பக்கம் அப்போது மழை குறைவாகவே இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நிலைமை தலைகீழாகி, குன்னூரும் கோத்தகிரியும் மேட்டுப்பாளையம் சாலையும் அடிவாங்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்ததும், அந்த மழையின் மண் சரிவுகளில் மாவட்டம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இங்குள்ள பெரியவர்கள் எவருக்கும் மறக்கவில்லை. ஆகவே ஒரு வீட்டைப் பார்க்கும்போது அதன் பின்புறம் வெட்டிய மண் மேடு இருக்கிறதா, தடுப்புச் சுவரில் நீர் வடிவதற்குத் துளைகள் விட்டிருக்கிறார்களா, மேல்வீட்டின் கழிவுநீரும் மழைநீரும் எந்த வழியாக இறங்குகின்றன என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், ‘அந்த வருஷ மழையில் இந்தப் பக்கம் என்ன ஆச்சு?’ என்று கேட்டால் பொறியாளர் சொல்வதைவிடக் கூடுதலாகவே தெரிந்துகொள்ளலாம்.

போக்குவரத்தைக் கணக்கிடும்போது கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே அரசுப் பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன. ஆனால் பெரிய சாலையிலிருந்து உங்கள் ஊருக்குள் திரும்பும் கிளைச் சாலையில் மாலையில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதுதான் உங்கள் வேலை நேரத்தைத் தீர்மானிக்கும். மலை ரயிலை நாள்தோறும் நம்ப முடியுமா என்று புதிதாக வருகிறவர்கள் ஆசையோடு கேட்கிறார்கள். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் ஊட்டி வரையிலும் வந்த அந்தப் பாதை அழகானது. ஆனால் குன்னூரிலிருந்து ஊட்டிக்குச் செல்ல ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், நாளொன்றுக்குச் சில வண்டிகளே உண்டு, அடைமழையில் நிறுத்தியும் விடுவார்கள். விருந்தினரை அழைத்துச் செல்ல வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை சீசனைத் தனியாகக் கணக்கிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா வாகனங்கள் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்து ஏற்பாடு செய்வது வழக்கம். 2024 மே முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகியுள்ளது. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்கு விலக்கு உண்டு. வெளிமாவட்டப் பதிவெண்ணுள்ள வண்டியோடு குடியேறுகிறவர்கள் இதை முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது. பிரசவத்துக்கு அழைத்துச் செல்லும் அண்ணன் சோதனைச்சாவடியில் இறங்கி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு மலையில் குடியிருக்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை போனால் போதும் என்கிறவர்களுக்கு அது நடக்கும். நாள்தோறும் போய்வர வேண்டியவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர்கள் மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ வீடு எடுத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் கோவை போய்ச் சேரும் பாசஞ்சர் ரயிலைப் பயன்படுத்திக்கொண்டு, குளிருக்கு ஏங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே வரலாம். கருவுற்ற பெண்ணைப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஏற்றி இறக்குவது, முதல் மூன்று மாத மசக்கையைக் கண்டவர் எவரும் செய்யத் துணியாத காரியம்.

இனி மருத்துவமனை. பள்ளியைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறவர்களே அதிகம்; பள்ளிக்கு இன்னும் நான்கைந்து ஆண்டுகள் இருக்கின்றன, மருத்துவமனைக்கோ ஒன்பது மாதம்கூட இல்லை. ஊட்டியில் 2022 தொடக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டு, 2025 ஏப்ரலில் 700 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் திறக்கப்பட்டுவிட்டது; குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை இருக்கிறது. இவற்றில் ஒன்றுக்கு, கீழே இறங்கும் மலைப்பாதையைத் தொடாமல், இரவு இரண்டு மணிக்குப் போய்ச் சேர முடிகிற இடத்தில் வீடு இருப்பது முக்கியம். கோவையில்தான் பிரசவம் என்று முடிவு செய்திருந்தாலும், மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் உள்ள பர்லியாற்றில் மரம் விழுந்து சாலை அடைபட்ட இரவில் என்ன செய்வது என்பதற்கு மேலேயே ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும். குடியேறிய உடனே அந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையம் எது, கிராம சுகாதாரச் செவிலியர் யார் என்று விசாரித்துவிடுங்கள். கருவுற்ற பன்னிரண்டு வாரங்களுக்குள் பதிவு செய்துகொண்டால், தகுதியுள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட ரூ.18,000 மதிப்பிலான உதவி தவணைகளாகக் கிடைக்கும். அப்போது தரப்படும் பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பப் பதிவு எண்ணை, பிறப்புச் சான்றிதழ் பெறும்போதும் கேட்பார்கள். குழந்தை பிறந்த பிறகு ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் தடுப்பூசிக்காக அதே இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். கைக்குழந்தையோடு மூன்று முறை பேருந்து மாறிப் போகும் தொலைவு, வரைபடத்தில் எவ்வளவு குறைவாக இருந்தாலும், நெடுந்தொலைவுதான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் உள்ள குடும்பமானால் இன்னொன்றையும் பேசி வைக்க வேண்டும். வளைகாப்பு முடிந்து கீழே அழைத்துச் செல்லும் நாள் மழைக்காலத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாயார் மேலே வந்து தங்குவதாக இருந்தால், முழங்கால் வலிக்கும் ஒரு பெண்மணி அந்த வீட்டிலிருந்து தெருவுக்கு ஏறி வர முடியுமா என்பதே முதல் கேள்வி.

எங்களுக்கு அடி விழுந்தது இங்கேதான். முதலில் எடுத்த வீடு சாலைக்குக் கீழே 94 படிகள். வாடகை குறைவு, முன்னால் கேரட் தோட்டம், எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம். பார்த்த மாத்திரத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். எரிவாயு உருளை கொண்டுவருகிறவர் முதல் நாளே படியின் தலைமாட்டில் உருளையை நிறுத்திவிட்டு, கீழே எட்டிப் பார்த்து, ‘சார், இறக்குவதற்குத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்’ என்றார். கொடுத்தோம். மழையில் அந்தப் படிகளில் பாசி படர்ந்தபோது, அரிசியையும் நாங்களே இரண்டிரண்டு கிலோவாக வாங்கிவரத் தொடங்கினோம். ஒரு நாள் மாமியாருக்குத் தலைசுற்றல் வந்து 108-ஐ அழைத்தபோது, வண்டி வந்து மேலே நின்றது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் 94 படி தூக்கிச் சென்றோம். அன்றிரவே வேறு வீடு பார்ப்பது என்று முடிவாயிற்று. அதனால் சொல்கிறேன்: படிகளை எண்ணுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை முப்பதுக்கு மேல் போனால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வெயில் விழும் திசையையும் பார்க்க வேண்டும். கிழக்கு, தெற்குச் சரிவில் உள்ள வீட்டில் காலை எட்டு மணிக்கே வெயில் வரும். வடக்குச் சரிவின் பள்ளத்தில் உள்ள வீட்டில் மார்கழியில் பதினொன்றுக்கும் வராது. பெரியவர்கள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சமாளித்துவிடலாம். குழந்தையின் துணிகள் காயாது. மழைக்காலத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது இடுப்புத்துணிகளைக் கொடியில் போட்டு, மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தாலும் ஈரம் பிசுபிசுக்கும். பீரோவுக்குள் வைத்த தொட்டில் சேலையில் பூஞ்சணம் புள்ளிபுள்ளியாகக் கிளம்பும். வீடு பார்க்கப் போகும்போது பீரோக்களுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், புதிதாக வெள்ளையடித்த மூலைகளை முகர்ந்து பாருங்கள். ஊட்டியின் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளில் குளிர்காலத்தில் உறைபனி விழும். குன்னூர் அந்த அளவுக்குப் போகாது. எந்த ஊரானாலும், குளிருக்குக் கரி அடுப்பை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கக் கூடாது. அந்தப் புகையில் உயிரே போகும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்கும்போது ‘தண்ணி வருமா?’ என்று கேட்காதீர்கள், வரும் என்றுதான் சொல்வார்கள். ‘எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை மணி நேரம், தொட்டி எத்தனை லிட்டர்?’ என்று கேளுங்கள். ஊட்டி பார்சன்ஸ்வேலி நீரை நம்பியிருக்கிறது, குன்னூர் ரேலியா அணையை நம்பியிருக்கிறது. மாசி, பங்குனியில் அணை வற்றும்போது குன்னூரின் மேட்டுத் தெருக்களில் குடத்தோடு நிற்க நேரிடும்.

காட்டு மாடும் கரடியும் ஊருக்குள் வருவது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் புதிதல்ல. தெருவிளக்கு எரிகிறதா, குப்பைத்தொட்டி வாசலருகே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பள்ளிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த மாவட்டத்தில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

நிலமோ வீடோ உடனே வாங்காதீர்கள். வாடகைக்கோ போக்கியத்துக்கோ எடுத்து இரண்டு பருவமழைகளையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். மலையிடப் பாதுகாப்பு விதிகளின்படி கட்டடத்தின் உயரம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதால், ‘பிறகு மேலே ஒரு மாடி எடுத்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சை நம்பி முன்பணம் கொடுக்கக் கூடாது. சரிவும் அனுமதியும் எப்படி என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடலூரில் விலை குறைவாகச் சொன்னால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. அங்கே ஜன்மம் எனும் பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களுக்குப் பட்டாவும் மின் இணைப்பும் பெறுவது பெரும்பாடு. ஊட்டிக்குத் தினமும் ஐம்பது கிலோமீட்டர் மலைச்சாலையும் சேர்ந்துகொள்ளும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு மாலை, முடிந்தால் மழை பெய்யும் மாலை, இருவரும் வேலை முடிந்து உங்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய பேருந்திலேயே அந்த ஊருக்குப் போங்கள். கையில் பத்து கிலோ அரிசிப் பையும் ஒரு குடையும் இருக்கட்டும். நிறுத்தத்தில் இறங்கி அந்த வீட்டு வாசல்வரை நடந்து, எத்தனை இடத்தில் பையைக் கீழே வைத்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.