குறைந்த செலவில் வீட்டு ஸ்டீரியோ: தேர்வும் இணைப்பும்

ஸ்டீரியோ என்றால் இரண்டு பெட்டிகளிலிருந்து பாட்டு வருவது என்று மட்டும் பொருளன்று. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, எதுவுமே இல்லாத இடத்தில், பாடுபவர் நின்று பாடுவதுபோலக் குரல் கேட்க வேண்டும். வயலின் சற்று இடப்பக்கத்திலும் தாளம் சற்று வலப்பக்கத்திலும் தனித்தனியே நிற்க வேண்டும். 1931-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் பிளம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, ஒலி வரும் திசையைக் காதுக்கு உணர்த்தும் இந்த ஏற்பாட்டுக்காகத்தான். இதற்குப் பெருஞ்செலவு தேவை என்று பலரும் எண்ணுகிறார்கள். ஸ்பீக்கரை நிதானமாகத் தேர்ந்தெடுத்து, ஒயரைப் பிழையின்றி இணைத்து, வைக்கும் இடத்தை அளந்து வைத்தால், எளிய கருவிகளிலேயே இது கிடைத்துவிடும்.

கையிலுள்ள பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கே ஒதுக்குங்கள். நல்ல நிலையிலுள்ள இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே காதுக்குத் தெரியும் வேறுபாடு சிறிது. இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களுக்கு இடையே அது மிகப் பெரிது. சிறிய, நடுத்தர அறைக்கு, கனத்த ஒலி தரும் வூஃபர் ஒன்றும் கூரிய மேல் ஒலி தரும் ட்வீட்டர் ஒன்றும் கொண்ட புத்தக அலமாரி அளவுப் பெட்டிகளே போதும். அதிர்ந்து ஒலி எழுப்பும் கோன்கள் பலவற்றை முகப்பில் அடுக்கி, விளக்குகள் மின்ன விற்கப்படும் உயரமான பெட்டிகளை அதே விலைக்கு வாங்காதீர்கள். அங்கே பணம் பல உதிரிபாகங்களுக்குப் பங்கிடப்பட்டு, ஒவ்வொன்றும் மட்டமாகவே அமைந்திருக்கும். இணைப்பு வேலையே வேண்டாம் என்பவர்கள் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்தப்பட்ட ஆக்டிவ் ஸ்பீக்கர்களை வாங்கலாம். ஆனால் தனித்தனியாக வாங்கினால், ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், எனக்கு அதுவே சிறந்ததாகப் படுகிறது.

வாட் எண்ணிக்கையில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கணநேர உச்ச ஆற்றல் என்ற பெயரில் பிஎம்பிஓ என்று அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் எண்ணுக்குப் பொருளே இல்லை. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் குறிக்கும் ஆர்எம்எஸ் அளவை மட்டும் பாருங்கள். ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒலி, சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலில் 3 மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். எனவே, ஒரு வாட் ஆற்றலுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று ஸ்பீக்கரின் விவரத்தாளில் உள்ள அளவைக் கட்டாயம் கவனியுங்கள். 87 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 40 வாட் தேவைப்படும் சத்தத்தை, 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே தந்துவிடும். ஸ்பீக்கரின் மின்தடையைக் குறிக்கும் ஓம் அளவு, ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் எழுதியுள்ள குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை ஒரே முனையில் பக்க இணைப்பாக (பேரலல்) கொடுத்தால் அது 4 ஓம் ஆகிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

பழைய ஸ்பீக்கர்கள் மலிவாகக் கிடைக்கும்போது நல்ல பேரமாக அமையலாம். துணி மூடியைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நுரையாலான வளையம் பல ஆண்டுகளில் மக்கி, தொட்டவுடன் கருந்தூளாக உதிரும். பிறகு கோனின் நடுவை ஒட்டி விரல்களைப் பரப்பி வைத்துச் சீராக உள்ளே அழுத்துங்கள். உரசும் ஓசை கேட்டால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். பழைய ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் திருகும்போது மட்டும் கரகரப்பு வந்தால் கவலை வேண்டாம், அது பெரும்பாலும் மின்முனைகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனரால் சரியாகும்.

எல்லாக் கருவிகளையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின்னரே இணைப்பைத் தொடங்க வேண்டும். கருவிகளை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் ஆர்சிஏ ஒயரில் சிவப்பு வலது, வெள்ளை அல்லது கறுப்பு இடது. போனிலிருந்து வரும் 3.5 மில்லிமீட்டர் ஒயரை ஆக்ஸ் என்று எழுதிய இடத்தில் செருகலாம். தொலைக்காட்சியில் ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் வழி மட்டுமே இருந்து, ஆம்ப்ளிஃபயரில் அது இல்லையென்றால், இடையே டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஆக்கும் ஒரு சிறிய டிஏசி வேண்டும். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில், சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலியைக் குறிக்கும் பிசிஎம் என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பல டிஏசிகளில் சத்தமே வராது. ரெக்கார்டு பிளேயர் தரும் சிக்னல் பெரும்பாலும் ஒரு சில மில்லிவோல்ட் மட்டுமே. ஆகவே அதைப் போனோ என்று எழுதிய இடத்தில்தான் இணைக்க வேண்டும், அதன் மெல்லிய எர்த் ஒயரையும் உரிய திருகில் மாட்டினால்தான் ரீங்காரம் அடங்கும்.

ஸ்பீக்கர் ஒயருக்கு அதிகம் செலவழிப்பது வீண். ஐந்து மீட்டர் தூரத்திற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் போய்வரும் மொத்தத் தடை 0.12 ஓம்கூட இல்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே அன்று. செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரை மட்டும் தவிருங்கள். முனையில் ஒரு சென்டிமீட்டர் தோலை உரித்து, இழைகளை விரல்களுக்கிடையே இறுக முறுக்கி, ஒரு இழைகூட வெளியே பிரிந்து நிற்காமல் துளையில் நுழைத்துத் திருக வேண்டும். அப்படிப் பிரிந்த ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டாலே ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோகக்கூடும். சிறிய டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் பலவற்றில் இடது, வலது கறுப்பு முனைகளை ஒன்றோடொன்று இணைப்பதும் அதே கேட்டைத் தரும்.

சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும் என்பது எளிய விதியாகத் தோன்றும்; ஆனால் இரண்டு கம்பியும் ஒரே நிறத்தில் உள்ள ஒயரில் ஒரு பக்கம் மாறிவிடுவது மிக எளிது. எனக்கு அப்படி நேர்ந்தபோது, பாஸ் என்னும் கனத்த ஒலி மெலிந்து, குரல் அறையெங்கும் சிதறிக் கேட்டது. ஸ்பீக்கர்தான் மட்டம் என்று பல வாரங்கள் எண்ணியிருந்தேன். ஒரு பெட்டியின் பின்னால் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றியதும் பாடகர் நடுவே வந்து நின்றார். ஐயமிருந்தால், ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு ஒயரிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். வூஃபர் பெரும்பாலும் வெளியே தள்ளும். இரண்டு பெட்டிகளிலும் அது ஒரே திசையில் அசைய வேண்டும் என்பதே முக்கியம்.

கடைசியாக, வைக்கும் இடம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையேயுள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் இருக்கைக்கு உள்ள தூரமும் சமமாக இருக்கட்டும். ட்வீட்டர் காதின் உயரத்தில் அமையட்டும். மூலையில் வைத்தால் பாஸ் வீங்கிக் குரலை மூடிவிடும். சுவரிலிருந்து ஒரு சாண், இரு சாண் என முன்னால் நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள். தனிக்குரல் பாட்டு ஒன்றை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, பெட்டிகளைச் சிறிது சிறிதாக உங்களை நோக்கித் திருப்புங்கள். கண்ணை மூடினால் பாடுபவர் எங்கே நிற்கிறார் என்று விரல் நீட்டிக் காட்ட முடிகிற இடம் வந்ததும், பெட்டிகளின் அடியைச் சுற்றித் தரையில் டேப்பால் குறியிட்டுக்கொள்ளுங்கள். துடைப்பதற்காக நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அது உதவும்.