ஆர்த்தோ வேணும்னா யாரை பிடிக்கணும்னு கேக்குறதே முதல் தப்பு

சேலம் அஞ்சு ரோடு பக்கம் கடையில நின்னு தட்டுவடை செட்டை கடிச்சுக்கிட்டே எலும்பு சர்ஜன் ஆகுறதுக்கான மேற்படிப்பு, அதான் ஆர்த்தோ, அதுக்கு ஆசைப்படுற ஒரு ஜூனியராவது வருஷத்துக்கு ஒரு தடவை என்கிட்ட இதை கேட்டுடுவான். "அண்ணா, எனக்கு ஆர்த்தோ தான் வேணும், எந்த சாரை பிடிச்சா நடக்கும்?"

யாரை பிடிச்சாலும் நடக்காது தம்பி. இங்க சீட்டு குடுக்குறது மேற்படிப்புக்கான நீட் பிஜி பரீட்சை ரேங்க், அப்புறம் கவுன்சிலிங், கவர்மெண்ட் காலேஜ்ல பாதி சீட்டு ஆல் இந்தியா கோட்டாவுக்கு போயிடும், மீதி ஸ்டேட்டுக்கு, ஆஸ்பத்திரிகள்ல படிக்கிற டிஎன்பி சீட்டுக்கும் அதே ரேங்க் தான், இதுல யூனிட் பெரிய டாக்டர், அதான் சீஃப், போன் போட்டு சொல்லி நடக்குறதுக்கு இடமே இல்ல. அமெரிக்காவுல ரெசிடென்சி, அதாவது அங்கத்த மேற்படிப்பு ட்ரெய்னிங், கிடைக்க சர்ஜன் எழுதி குடுக்குற லெட்டருக்கு மதிப்பு உண்டு, அதனால அங்க படிக்கிறவன் பெரிய டாக்டர் கண்ணுல படணும்னு அலையறான். அந்த வீடியோவ பாத்துட்டு நம்மாளு இங்க சீஃப் பேக்கை தூக்கிட்டு பின்னாடியே ஓடுறான். காக்கா பிடிக்கிறது எவ்ளோ தூரத்துல இருந்தாலும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்போ யார்கூடயும் பழகவே வேணாமான்னா, நல்லா பழகணும். எம்பிபிஎஸ் முடிச்சதும் பண்ற ஹவுஸ் சர்ஜன்ஷிப் 12 மாசத்துல ஆர்த்தோக்கு கட்டாயமா கிடைக்கிறது 2 வாரம் தான், நாமளே தேர்ந்தெடுக்குற எலெக்டிவ் போஸ்டிங்ல கேட்டு வாங்கினா இன்னும் கொஞ்சம். அந்த கொஞ்ச நாள்ல உன் கையில தையல் போட குடுக்கலாமான்னு பாக்குறது மேற்படிப்பு படிக்கிற பிஜி டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர், பிளாஸ்டர் ரூம் அண்ணன், இவங்க தான். இவங்களுக்கு ஒரு வணக்கம் கூட வைக்காம சீஃப் ரூம் வாசல்ல தவம் கெடக்குறது ரெண்டாவது தப்பு.

எனக்கு ஸ்லாப், அதான் ஒரு பக்கம் மட்டும் வெச்சு கட்டுற மாவுக்கட்டு, போட கத்துக்குடுத்தது ப்ரொஃபசர் இல்ல, பிளாஸ்டர் ரூம் அண்ணன் தான். நான் ஈர ஸ்லாப்பை விரல் நுனியில அமுக்கி பிடிச்சிருந்தேன், கையில ஒரு தட்டு தட்டி, "கண்ணு, விரலை வெக்காத, கொழந்தைய குளிப்பாட்டி தூக்குற மாதிரி உள்ளங்கையில ஏந்து"ன்னாரு. விரல் அமுங்குன எடம் குழியாவே காஞ்சு, உள்ள தோலை அழுத்திக்கிட்டே இருந்து புண்ணாக்கிடுமாம். முழங்காலுக்கு மேல வரைக்கும் போடுறதா இருந்தா முட்டிக்கு கீழ வெளிப்பக்க எலும்பு முனையில பஞ்சு கூட வெக்க சொன்னாரு, அங்க நரம்பு நசுங்கினா பேஷண்டுக்கு பாதம் மேல தூக்க வராது. பரீட்சைக்கு படிச்சது தான், ஆனா கைக்கு வந்தது அன்னிக்கு தான்.

அடுத்தது நானே பண்ண தப்பு, இதை மட்டும் பண்ணிடாதீங்க. ஏற்காட்டு எஸ்டேட்ல சில்வர் ஓக் மரத்துல ஏறி மிளகு பறிச்சிட்டிருந்தவரு தவறி விழுந்து ரெண்டு குதிகாலும் ஒடஞ்சு வந்தாரு. உசரத்துல இருந்து குதிகால் ஊன விழுந்தவங்களுக்கு முதுகெலும்பையும் பாக்கணும்னு ஃபைனல் இயர் பையனை கேட்டாலே சொல்லுவான். காலைல ரவுண்ட்ஸ்க்கு முன்னாடி பிஜி அண்ணன் கேட்டாரு, ஸ்பைன் பாத்தியா? "பாத்தேண்ணா, நார்மல்"னுட்டேன். நான் அவரை திருப்பி கூட பாக்கல, நைட் ஃபுல்லா தூக்கம் இல்ல, வாய் தானா சொல்லிடுச்சு. அண்ணன் ஒண்ணும் பேசாம போயி, ரெண்டு பேரை வெச்சு உடம்பு முறுக்காம மொத்தமா உருட்டி நடு முதுகுக்கு கீழ அமுக்கினாரு, மனுஷன் "ஆத்தா"ன்னு கத்திட்டாரு. எக்ஸ்ரேல இடுப்பு பக்க முதுகெலும்புல முதலாவதான எல் ஒன் எலும்பு நசுங்கி இருந்துச்சு.

எல்லார் முன்னாடியும் அவர் திட்டவே இல்ல, திட்டியிருந்தா கூட பரவால்ல. அந்த போஸ்டிங் முடியற வரைக்கும் நான் சொல்ற பிபியை கூட அவரே இன்னொரு தடவை பாத்துட்டு தான் எழுதினாரு. "பாக்கலண்ணா, இதோ போய் பாக்குறேன்"னு சொல்லியிருந்தா ஒரு திட்டோட போயிருக்கும்.

ரிசர்ச் பத்தி சுருக்கமா. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதான் ஐசிஎம்ஆர், ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட்டுக்கு கைடு வேணும், ரெண்டு மாச வேலை. லாஸ்ட் டேட்டுக்கு மொத நாள் வந்து கையெழுத்து கேட்டா எந்த சார் போடுவாரு, போட்டாலும் பேர் வந்ததும் ஆள் எஸ்கேப் ஆனா அடுத்த வருஷ ஜூனியருக்கு அந்த கதவு சாத்திடும். அப்புறம் போற டிபார்ட்மெண்ட்ல எல்லாம் "இது தான் சார் என் கனவு"ங்காதீங்க, ஆர்த்தோ அசிஸ்டண்ட் ப்ரொஃபசரும் சர்ஜரி அசிஸ்டண்ட் ப்ரொஃபசரும் ஒரே கேன்டீன்ல தான் சாப்பிடுறாங்க.

கூட நிக்கிற பேட்ச்மேட் கேஸை பிடுங்குறது, அவன் லேட்டா வந்தான்னு பிஜிகிட்ட போட்டு குடுக்குறது, இதெல்லாம் ஒரு வாரம் நல்லா தான் போகும். நைட் 2 மணிக்கு பைபாஸ்ல இருந்து ரெண்டு பைக் கேஸ் ஒண்ணா வரும், நீ தொடையை இழுத்து பிடிச்சிட்டு நிப்ப, பிளட் பேங்குக்கு ஓட ஆள் வேணும், அப்போ வார்டுல இருக்கப்போறது அவன் ஒருத்தன் தான்.