மலை மறைக்காது, தென்னைதான் மறைக்கும்

டிடி ஃப்ரீ டிஷ் மாட்டும்போது வேலூர்க்காரர்களுக்கு வரும் முதல் சந்தேகம், "சுத்தி மலையாச்சே, சிக்னல் வருமா?" என்பதுதான். வரும். ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நம் ஊருக்குத் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தை எந்த மலையும் மறைக்காது. பக்கத்து வீட்டுத் தென்னையும் நம் தண்ணீர் டேங்க்கும்தான் மறைக்கும்.

கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அது சாய்ந்திருந்தால் மற்ற கணக்கெல்லாம் வீண். திசை, வடக்கிலிருந்து வலமாக 131 டிகிரி. செல்போன் திசைகாட்டி இரும்புக்குப் பக்கத்தில் தப்பாகக் காட்டும். நாலடி தள்ளி நின்று பார்த்து, அந்தத் திசையில் தெரியும் ஏதாவது ஒரு கட்டடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். டிஷ்ஷின் முகம் 67 டிகிரிக்கு நிமிர்ந்து தெரியாது, சிக்னலை வாங்கும் எல்.என்.பி. (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி நுனியில் இருக்கும் கருவி) கீழே தள்ளி இருப்பதால் அப்படித்தான். டிஷ்ஷைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டில் இருக்கும் டிகிரி அளவைப் பாருங்கள்.

அப்புறம், டிவியில் 'குவாலிட்டி' பட்டைதான் முக்கியம். 'ஸ்ட்ரெங்த்' ஏறிவிட்டதே என்று ஏமாறாதீர்கள். டிஷ்ஷை அரை விரற்கடை நகர்த்திவிட்டுச் சில வினாடி பொறுங்கள், செட்டாப் பாக்ஸ் மெதுவாகத்தான் காட்டும். கடைசியில் போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால், கிடைத்த சிக்னலும் போய்விடும்.