குடியைப் பற்றிப் பிள்ளையிடம் பேசும் விதம்

என் மகனுக்கு 16 வயது. நண்பனின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு நள்ளிரவு தாண்டி வந்தான். கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. அங்கேயே நிற்கவைத்து ஒரு மணி நேரம் கத்தினேன். மறுநாள் அதில் ஒரு வார்த்தைகூட அவனுக்கு நினைவில்லை. ஆனால் அதற்கப்புறம் பல மாதங்கள் என்னிடம் எதையுமே சொல்லாமல் இருந்தான். அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

போதையில் வந்தால் அன்றைக்குப் பேச்சே வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே இருங்கள். மறுநாளும் எதிரே உட்காரவைத்துப் பேசினால் அது விசாரணை ஆகிவிடும். அந்த மாதங்கள் கழிந்த பிறகு ஒருநாள், நாங்கள் துணி மடித்துக்கொண்டே பேசினோம். "ஏன் குடிச்சே?" என்று கேட்காமல், "அங்கே எப்படி ஆரம்பிச்சுது?" என்று கேட்டேன். ஒரு சட்டையை மூன்று தடவை மடித்துப் பிரித்தான். "எல்லார் கையிலயும் இருந்துச்சும்மா. நான் மட்டும் சும்மா நின்னா ஒரு மாதிரி இருந்துச்சு" என்றான்.

வெறுங்கைதான் பிரச்சினை என்றால் அதற்கு வழி இருக்கிறது. போனதுமே ஒரு ஜூஸை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். "வேண்டாம்டா, காலையில மேட்ச் இருக்கு" என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்திவிடலாம். அதை வீட்டிலேயே சொல்லிப் பழகினோம்.

பயமுறுத்துவதைவிடக் கணக்கு நன்றாக வேலை செய்யும். "பீர்தானே" என்றவனிடம் கால்குலேட்டரைக் கொடுத்தேன். 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம் ஆல்கஹால். 40 சதவீத விஸ்கி 45 மில்லியில் சுமார் 14 கிராம். அவனே போட்டுப் பார்த்து வாயடைத்துப் போனான். அந்த அளவைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. யோசித்து முடிவெடுக்கும் மூளைப்பகுதி 25 வயதுவாக்கில்தான் முழுதாக முதிர்கிறது. தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் அதுதான். வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் அளவோடு இருப்பான் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள்.

அப்புறம், நம் பழக்கத்தையும் பார்க்க வேண்டும். "இன்னைக்கு ஒரே டென்ஷன்" என்று நாம் கிளாஸை எடுப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு வாக்கு. "எந்த நேரமானாலும் போன் பண்ணு, வந்து கூட்டிட்டு வரேன். அன்னைக்கு ராத்திரி ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்." சொன்னால் காப்பாற்றியே ஆக வேண்டும். ஆபத்தின் அறிகுறிகளையும் சொல்லிக்கொடுங்கள்: தட்டி எழுப்பியும் எழாதது, மூச்சு விட்டு விட்டு வருவது, உதடு நீலமாவது, உடம்பு சில்லிடுவது. இதில் ஒன்று இருந்தாலும் 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று விடக்கூடாது. குடிப்பதை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டே போகலாம்.

அடுத்த வருடம் ஒரு ராத்திரி போன் வந்தது. "அம்மா, அவன் எழுந்திருக்கவே மாட்டேங்கிறான். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டேன், ஆம்புலன்ஸுக்கும் சொல்லிட்டேன். நீ வா." குரல் நடுங்கியது. செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பினேன்.